விண்டோஸ் 10-இலிருந்து விண்டோஸ் 11-க்கு: வீட்டுக் கணினியை மாற்றும் முன் திட்டமிட வேண்டியவை

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அதற்குப் பிறகும் கணினி முன்போலவே இயங்குவதால்தான் பல வீடுகளில் இந்த மாற்றம் தள்ளிப்போடப்படுகிறது. நின்றுபோனவை, மாதந்தோறும் கேட்காமலே வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள். புதிதாகத் தெரியவரும் ஓட்டைகள் அடைபடாமல் கிடக்கும். காலப்போக்கில் உலாவிகளும் அந்த இயங்குதளத்தைக் கைவிடும். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14 அன்று ஆதரவு முடிந்தது; 2023 பிப்ரவரியில் வந்த குரோம் 110 அதில் இயங்கவில்லை. வங்கிக் கணக்கையும் வருமான வரிக் கணக்கையும் திறக்கும் கணினி என்றால் அதுவரை காத்திருப்பதில் பொருளில்லை.

மாற்றும் வேலை தன்னளவில் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்கு முன் செய்ய வேண்டியவை இரண்டு. கணினியில் உள்ளவற்றில் வேறெங்கிருந்தும் மறுபடி பெற முடியாதவை எவை என்று அறிந்துகொள்ள வேண்டும். பிசகு நேர்ந்தால் பழைய நிலைக்குத் திரும்பும் வழியையும் கையில் வைத்திருக்க வேண்டும். இவை இரண்டும் உறுதியாகாத வரை "இப்போதே மேம்படுத்துக" என்ற பொத்தானை அழுத்தாதீர்கள்.

கணினி செய்யும் வேலைகளின் கணக்கெடுப்பு

ஒரு தாளில், வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் இந்தக் கணினியில் என்ன செய்கிறார்கள் என்று எழுதுங்கள். மென்பொருளின் பெயரை எழுதுவதைவிட வேலையை எழுதுவதே நல்லது. "டாலி" என்று மட்டும் எழுதினால் ஒரு கணக்கு மென்பொருள்தான் நினைவில் நிற்கும். "மாதக் கணக்கை முடித்து ஆடிட்டருக்கு அனுப்புவது" என்று எழுதினால், அதற்கு வேண்டிய பிரிண்டரும், டிஜிட்டல் கையொப்பம் அடங்கிய யூஎஸ்பி டோக்கனும், மின்னஞ்சல் கணக்கின் கடவுச்சொல்லும் கூடவே நினைவுக்கு வரும். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே, அதற்கான மென்பொருளை மறுபடி எங்கிருந்து நிறுவுவது, உரிமச் சாவி எங்கே இருக்கிறது, எந்தக் கருவி இணைக்கப்பட வேண்டும் என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்படி எழுதும்போதுதான் சிக்கல்கள் வெளிப்படும். டாலி உரிமம் குறிப்பிட்ட கணினியோடு பிணைந்திருப்பது. கணினியையோ டிஸ்க்கையோ மாற்றுவதானால், பழையதில் உரிமத்தை முறைப்படி ஒப்படைத்துவிட்டுப் புதியதில் செயல்படுத்த வேண்டும். கையொப்ப டோக்கனுக்கு அதன் டிரைவரையும் (கருவியை விண்டோஸோடு இணைத்து இயக்கும் சிறு மென்பொருள்), வரித் தளங்கள் கேட்கும் எம்சைனர் போன்ற துணை மென்பொருளையும் புதிதாக நிறுவ வேண்டியிருக்கலாம். டோக்கனின் பின் எண்ணைப் பலமுறை தவறாக இட்டால் டோக்கன் பூட்டிக்கொள்ளும் என்பதால், அந்த எண்ணை முன்னதாகவே உறுதிசெய்துகொள்வது நல்லது. டிவிடியில் வாங்கிய பழைய ஆபிஸ் தொகுப்பானால், உறையிலுள்ள 25 எழுத்துச் சாவியைத் தேடி எடுத்து வையுங்கள். ஆபிஸ் 2016, 2019 ஆகிய இரண்டுக்கும் விண்டோஸ் 10-க்கு முடிந்த அதே நாளில் ஆதரவு முடிந்துவிட்டது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

விண்டோஸ் 11-க்குப் பழைய வகையான 32 பிட் பதிப்பே கிடையாது, 64 பிட் மட்டுமே. ஆகவே 32 பிட் டிரைவர் மட்டுமே உள்ள பழைய ஸ்கேனரும் பிரிண்டரும் அதில் வேலை செய்யா. தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணுக்கு 64 பிட் டிரைவர் உள்ளதா என்று பார்த்து, இருந்தால் இப்போதே பதிவிறக்கி வையுங்கள். டாஸ் காலத்துக் கணக்கு நிரல்களை 32 பிட் விண்டோஸில் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் கடைக்காரர்கள் உண்டு. அவை 64 பிட் விண்டோஸில் நேரடியாக ஓடமாட்டா. டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளுக்குள் ஓட வாய்ப்புண்டு. ஆனால் அதை மாற்றத்துக்கு முன்பே சோதித்துவிட வேண்டும்.

கணினி தகுதியுடையதா?

மைக்ரோசாஃப்ட் கேட்கும் குறைந்தபட்சம்: இரண்டு கோர்கள் கொண்ட 64 பிட் பிராசஸர், 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம், செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டுமே ஏற்றிக் கணினியை எழுப்பும் வசதி) உள்ள யூஇஎஃப்ஐ (கணினியை எழுப்பும் புதுவகை அடிப்படை மென்பொருள்), டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு. இவை எல்லாம் இருந்தும் பிராசஸர் மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இல்லையென்றால் கணினி தகுதி பெறாது. இன்டெல் ஆனால், ஒரு சில விலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறை முதலானவையே பட்டியலில் உள்ளன. ஐ5-8250 என்று எண் இருந்தால் கோட்டுக்குப் பின்வரும் 8 தலைமுறையைக் குறிக்கும், ஐ5-10210 என்றால் பத்தாம் தலைமுறை. ஏஎம்டி ஆனால் ரைசன் 2000 வரிசையில் சிலவும், 3000 வரிசையிலும் அதற்குப் பின்னும் வந்தவற்றில் பெரும்பாலானவையும் தகுதி பெறும். ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்கத் தேவையில்லை. மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பிசி ஹெல்த் செக் என்ற சிறு மென்பொருளை ஓட்டினால், எந்தெந்த அம்சம் குறைகிறது என்று அதுவே காட்டிவிடும்.

டிபிஎம் இல்லை என்று அது சொன்னால் உடனே மனம் தளர வேண்டாம். பல கணினிகளில், குறிப்பாகக் கடைகளில் பாகங்களை வாங்கிப் பூட்டிய மேசைக் கணினிகளில், அந்த வசதி பயாஸ் என்னும், கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளின் அமைப்பில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல் மதர்போர்டில் பிடிடி என்றும், ஏஎம்டி மதர்போர்டில் எஃப்டிபிஎம் என்றும் அது குறிப்பிடப்படும். இயக்கிவிட்டு மறுபடி சோதியுங்கள். செக்யூர் பூட் மட்டும் சற்று நுணுக்கமானது. பழைய லெகசி முறையில் விண்டோஸ் நிறுவப்பட்டிருந்தால் டிஸ்க் எம்பிஆர் என்னும் பழைய பகிர்வு வடிவில் இருக்கும். அதை ஜிபிடி என்னும் புதிய வடிவுக்கு மாற்றாமல் பயாஸில் யூஇஎஃப்ஐ முறைக்குத் தாவினால் கணினி விண்டோஸை ஏற்றாது. பயாஸை முன்பிருந்தபடி மாற்றினால் கணினி மீண்டும் எழுந்துவிடும் என்பதால் இது பேரிழப்பு அல்ல. வடிவை மாற்றும் கருவி விண்டோஸ் 10-க்குள்ளேயே இருக்கிறது; ஆனால் காப்புப் பிரதி எடுக்காமல் அதைத் தொடவே கூடாது. டிஸ்க்கிலுள்ளவற்றைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரோ டிவைஸ் என்க்ரிப்ஷனோ இயங்கும் கணினியில் பயாஸ் அமைப்பை மாற்றினால், அடுத்த முறை எழும்போது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். முதலில் அந்தச் சாவியைத் தாளில் எழுதிக்கொண்டு, என்க்ரிப்ஷனைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு, அதன் பிறகே பயாஸுக்குள் செல்லுங்கள்.

குறைந்தபட்சம் என்று சொல்லப்படும் 4 ஜிபி ரேமில் விண்டோஸ் 11 ஓடும் என்பது உண்மை. அதில் மனிதர் பொறுமையாக வேலை செய்ய முடியுமா என்பது வேறு கேள்வி. 8 ஜிபிக்குக் கீழே இருந்தால் ரேமைக் கூட்டுங்கள். சுழலும் ஹார்டு டிஸ்க் இன்னும் இருக்குமானால், ரேமையும் முந்திக்கொண்டு அதைச் சுழலும் பாகமில்லாத, வேகமான எஸ்எஸ்டியாக மாற்றுங்கள். கையிருப்பில் ஒரே ஒரு செலவுக்குத்தான் இடம் என்றால் என் பரிந்துரை எஸ்எஸ்டிதான். அது வேகத்தைத் தருவதோடு, பின்னால் விளக்கப்போகும் பாதுகாப்பான மாற்றுமுறைக்கும் வழி செய்கிறது.

தகுதி இல்லையென்றால்

இங்கே வழிகள் சிலவே. முதலாவது, மைக்ரோசாஃப்டின் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டம். வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் என்று அறிவிக்கப்பட்டது. விண்டோஸ் 10-இன் 22ஹெச்2 பதிப்பும் ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கும் வேண்டும். கணினி அமைப்புகளை அந்தக் கணக்கோடு ஒத்திசைத்தால் கட்டணமில்லை. அதை விரும்பாதவர்கள் 1000 ரிவார்ட்ஸ் புள்ளிகளையோ 30 டாலரையோ கொடுத்துச் சேரலாம். இது அவகாசம் மட்டுமே. அதற்குள் அடுத்த ஏற்பாட்டைச் செய்துவிட வேண்டும்.

இரண்டாவது, விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸ். தமிழ்நாட்டில் 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினிகள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாதவை. இணையம் பார்க்கவும் கடிதம் எழுதவும் படம் பார்க்கவும் மட்டுமே பயன்படும் கணினிக்கு லினக்ஸில் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் போதுமானது. அதன் 22-ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு. பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம் என்பதால், எதையும் அழிக்காமல் வைஃபை, ஒலி, பிரிண்டர் மூன்றும் வேலை செய்கின்றனவா என்று சோதித்துவிட முடியும். டாலியோ கையொப்ப டோக்கனோ அன்றாடம் தேவைப்படும் வீட்டில் இந்த வழியைப் பரிந்துரைக்க மாட்டேன்.

தகுதிச் சோதனையை ஏமாற்றி விண்டோஸ் 11-ஐ நிறுவும் உத்திகள் இணையத்தில் நிறைய உண்டு. அவ்வாறு நிறுவப்பட்ட கணினிக்குப் புதுப்பிப்புகள் வரும் என்பதற்கு உத்தரவாதமில்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பிலிருந்து, சில கட்டளைகளை அறியாத மிகப் பழைய பிராசஸர்களில் விண்டோஸ் எழும்பவே எழும்பாது. பரிசோதனைக்கு வைத்திருக்கும் கணினியில் செய்து பாருங்கள். பணம் புழங்கும் கணினியில் வேண்டாம்.

தமிழ்க் கோப்புகளும் எழுத்துருக்களும்

பொதுவான வழிகாட்டிகள் எதிலும் இது இருக்காது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோட் பரவுவதற்கு முன் தட்டச்சு செய்யப்பட்ட கோப்புகள், அதாவது பாமினி, டிஸ்கி, டாப், டாம் முதலான குறியேற்றங்களில் அமைந்த எழுத்துருக்களைக் கொண்டு எழுதப்பட்டவை, அந்த எழுத்துரு கணினியில் இருக்கும் வரைதான் தமிழாகத் தெரியும். குடும்ப வரலாறு, கல்யாணப் பத்திரிகை, சங்கத்தின் ஆண்டறிக்கை, பத்திர நகல் என்று இத்தகைய கோப்புகள் இல்லாத பழைய கணினி அரிது. புதிதாக நிறுவிய விண்டோஸில் அவற்றைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடுவோரும் உண்டு. கோப்புக்கு எதுவும் ஆகவில்லை, எழுத்துருதான் இல்லை.

ஆகவே மாற்றத்துக்கு முன் எழுத்துருக்களைத் தனியே பிரதி எடுங்கள். சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள ஃபான்ட்ஸ் கோப்புறை எல்லோரும் அறிந்தது. 2018-இன் இறுதியிலிருந்து, நிர்வாகி அனுமதியின்றி ஒரு பயனர் நிறுவும் எழுத்துருக்கள் அவருடைய சொந்தப் பயனர் கோப்புறைக்குள், மறைந்திருக்கும் ஆப்டேட்டா பகுதியில் போய் அமர்கின்றன. இரண்டு இடங்களையும் பாருங்கள். ஒரு கோப்பில் எந்த எழுத்துரு உள்ளது என்று தெரியவில்லையென்றால், வேர்டில் அந்த வரியில் சுட்டியை வைத்து மேலேயுள்ள எழுத்துருப் பெட்டியைப் பாருங்கள். எழுத்துரு கணினியில் இல்லாவிட்டாலும் அதன் பெயர் அங்கே தெரியும்.

அடுத்து, முக்கியமான பழைய ஆவணங்களை, அவை தமிழாகத் தெரியும் இந்தக் கணினியிலேயே, பிடிஎஃப் வடிவில் சேமித்துவிடுங்கள். எழுத்துரு அதற்குள் பதிந்துவிடுவதால், வருங்காலத்தில் எந்தக் கணினியிலும் படிக்க முடியும். தொடர்ந்து திருத்த வேண்டிய கோப்புகளை மட்டும் யூனிகோடுக்கு மாற்றினால் போதும். அதிலும் ஒரு கவனம் தேவை: பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை வைத்திருப்பதால், கோப்பு முழுவதையும் குறியேற்றம் மாற்றும் மென்பொருளில் போட்டால் இடையிலுள்ள ஆங்கிலப் பெயர்களும் முகவரிகளும்கூடத் தமிழ் எழுத்துகளாகக் குழம்பிவிடும். டிஸ்கியிலும் டாப்பிலும் ஆங்கிலம் தன் இடத்திலேயே இருப்பதால் இந்தச் சிக்கல் எழாது. ஆக, பாமினிக் கோப்புகளைப் பத்தி பத்தியாகப் பார்த்து மாற்ற வேண்டும். மூலக் கோப்பை ஒருபோதும் அழிக்கக் கூடாது.

யூனிகோடில் எழுதியவற்றுக்கும் ஒரு சிறு மாற்றம் காத்திருக்கிறது. முன்பு விண்டோஸோடு இயல்பாக வந்த லதா எழுத்துரு இப்போது தமிழ்த் துணை எழுத்துருக்கள் என்ற விருப்பத் தொகுப்பில் இருக்கிறது. அமைப்புகளில் விருப்ப அம்சங்கள் பகுதிக்குச் சென்று அதைச் சேர்க்காவிட்டால், வேறு எழுத்துருவில் எழுத்துகள் தெரிந்து, பக்க அமைப்பு குலையும். விசைப்பலகையைப் பொறுத்தவரை, 2019 மே மாதப் புதுப்பிப்பிலேயே தமிழ்99 விசைப்பலகை விண்டோஸுக்குள் வந்துவிட்டதால், அந்த முறையில் தட்டச்சு செய்பவர்களுக்குத் தனி மென்பொருள் தேவையில்லை. பாமினி அல்லது தட்டச்சுப் பொறி முறையில் பழகியவர்கள் தங்கள் விசைப்பலகை மென்பொருளின் நிறுவல் கோப்பை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

காப்புப் பிரதி

மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே என்பது பழைய விதி. வீட்டுக் கணினிக்கு அதன் பொருள்: கணினியில் உள்ளது ஒன்று, வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, மிக முக்கியமானவை மட்டும் இணையச் சேமிப்பில். கூகுள் 15 ஜிபியும் ஒன்டிரைவ் 5 ஜிபியும் இலவசமாகத் தருகின்றன. புகைப்படங்கள் எல்லாவற்றுக்கும் அது போதாது, பத்திரங்களுக்கும் சான்றிதழ்களுக்கும் தாராளம்.

டாகுமென்ட்ஸ் கோப்புறையை இழுத்துப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டி டிரைவ், டாலியின் தரவுக் கோப்புறை, அவுட்லுக்கின் மின்னஞ்சல் கோப்பு, உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள் ஆகியவையே வழக்கமாக விடுபடுபவை. பிரதி எடுத்த பின், வெளி டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, பத்துப் பன்னிரண்டு கோப்புகளையாவது திறந்து பாருங்கள். பிறகு அந்த டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். நிறுவும்போது இணைப்பிலேயே இருந்தால், தவறான டிஸ்க்கை அழித்துவிடும் அபாயம் இருக்கிறது.

எந்த முறையில், எந்த நாளில்

இருக்கும் விண்டோஸ் 10-இன் மேலேயே மேம்படுத்தினால் கோப்புகளும் மென்பொருள்களும் அப்படியே தொடரும். கணினி நலமாக இருந்தால் இதுவே எளிது. முறையான உரிமமுள்ள விண்டோஸ் 10-லிருந்து கட்டணமில்லை. பழைய பிழைகளும் கூடவே வரும் என்பது இதன் குறை. முற்றிலும் அழித்துப் புதிதாக நிறுவுவது சுத்தமானது. ஆனால் எல்லாவற்றையும் மறுபடி நிறுவ வேண்டும். 32 பிட் விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் புதிதாகத்தான் நிறுவ முடியும், மேலேயே மேம்படுத்த முடியாது.

எனக்குப் பிடித்தது மூன்றாவது முறை. புதிய எஸ்எஸ்டியைப் பூட்டி அதில் விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவி, பழைய டிஸ்க்கைக் கழற்றித் தொடாமல் வைத்துவிடுவது. ஏதேனும் தவறினால் பழைய டிஸ்க்கை மாட்டினால் போதும், நேற்றைய கணினி திரும்பிவிடும். பயாஸில் ஏதாவது மாற்றியிருந்தால் அதையும் முன்பிருந்தபடி வைக்க வேண்டும். விண்டோஸின் டிஜிட்டல் உரிமம் மதர்போர்டைச் சார்ந்ததாகையால், டிஸ்க்கை மாற்றுவதால் அது போய்விடாது. மதர்போர்டையே மாற்றப் போகிறவர்கள்தான் முன்கூட்டியே உரிமத்தை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துவைக்க வேண்டும்.

புதிதாக நிறுவ 8 ஜிபி கொள்ளளவுள்ள பென் டிரைவ் ஒன்று வேண்டும். அதில் இருப்பவை அழிந்துவிடும். நிறுவல் கருவியை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மட்டுமே பதிவிறக்குங்கள். பதிவிறக்கம் பல ஜிபி பிடிக்கும் என்பதால், கைப்பேசியின் தினசரி டேட்டாவை நம்பி இறங்க வேண்டாம்.

நாளைத் தேர்வதிலும் யோசனை வேண்டும். வருமான வரிக்கான கெடு வழக்கமாக ஜூலை 31. ஜிஎஸ்டி கட்டுவோருக்கு மாதத்தின் 20-ஆம் தேதி. இவற்றை ஒட்டிய நாள்களும் பிள்ளைகளின் தேர்வுக் காலமும் வேண்டாம். மின்தடை அறிவிக்கப்பட்ட நாளையும் தவிர்த்துவிடுங்கள். மடிக்கணினியானால் மின்கலம் நிறைந்திருக்க வேண்டும், மின் இணைப்பிலும் இருக்க வேண்டும். மேசைக் கணினியை யூபிஎஸ் இல்லாமல் மேம்படுத்துவது தேவையற்ற துணிச்சல். காலையில் தொடங்குங்கள், உதவி தேவைப்பட்டால் கடை திறந்திருக்கும்.

நிறுவிய பின்

விண்டோஸ் 11 ஹோம் பதிப்பை முதன்முதலாக அமைக்கும்போது இணைய இணைப்பும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கேட்கும். எந்தக் குடும்ப உறுப்பினரின் கணக்கு என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். 24ஹெச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி அந்தக் கணக்கில் நுழைந்தால், தகுந்த கணினிகளில் என்க்ரிப்ஷன் தானாகவே இயங்கத் தொடங்கும். மீட்புச் சாவி அந்தக் கணக்கில் சேமிக்கப்படும். கணக்கின் கடவுச்சொல் மறந்து, அதோடு இணைத்த கைப்பேசி எண்ணும் மாறிப்போய், கணினியும் ஒரு நாள் அந்தச் சாவியைக் கேட்டால், கோப்புகளை மீட்க வழியே இராது. சாவியை அன்றே தாளில் எழுதிப் பத்திரங்களோடு வையுங்கள்.

டெஸ்க்டாப்பையும் டாகுமென்ட்ஸையும் ஒன்டிரைவுக்கு மாற்றலாமா என்ற கேள்வி வரும். சில வேளை கேட்காமலே மாறியிருக்கும். 5 ஜிபி நிறைந்தவுடன் எச்சரிக்கைகள் தொடங்கும். வேண்டாதவர்கள் ஒன்டிரைவ் அமைப்புகளில் அந்தக் காப்பை நிறுத்திவிடலாம்.

பிறகு அந்தக் கணக்கெடுப்புத் தாளை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வேலையையும் உண்மையாகவே செய்து பாருங்கள்: ஒரு பக்கம் அச்சிடுங்கள், ஒரு ஸ்கேன் எடுங்கள், டோக்கனால் ஒரு முறை உள்நுழையுங்கள், பழைய தமிழ்க் கோப்பு ஒன்றைத் திறவுங்கள். மேலேயே மேம்படுத்தியவர்கள் இதை முதல் வாரத்திற்குள் முடித்தாக வேண்டும். பழைய பதிப்புக்குத் திரும்பும் வசதி 10 நாள்கள் மட்டுமே இருக்கும். அதற்கான கோப்புகள் விண்டோஸ்.ஓல்ட் என்ற கோப்புறையில் இருப்பதால், இடம் போதவில்லை என்று அதற்கு முன் அதை அழித்துவிடாதீர்கள்.

தனியே எடுத்து வைத்த பழைய டிஸ்க்கை ஆறு மாதமாவது அப்படியே வைத்திருங்கள். ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் தேவைப்படும் ஏதோ ஒரு கோப்பு அந்த இடைவெளியில்தான் நினைவுக்கு வரும். அதன் பின் விற்பதாகவோ கொடுத்துவிடுவதாகவோ இருந்தால், கோப்புகளை அழித்தால் மட்டும் போதாது. டிஸ்க் முழுவதையும் மேலெழுதி அழிக்கும் கருவியைக் கொண்டு துடைத்த பிறகே கைமாற்றுங்கள்.